புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்

இர்கூத்ஸ்கில் இரவு மணி இரண்டு.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
வெப்பக் குழாய்மேல் காய்கிறது
இன்னகேந்தியின் ஒற்றைக் கையுறை.
மற்றது ஏரிக்கு அடியில்.

செசெக்மா கறுப்புத் திரையில் தட்டுகிறாள்:
எடுத்து வா,
ஒரே ஒரு புரதக் குடும்பத்தின் மாதிரியை.

இருபதாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள்
ஒரே கோப்பில் ஒட்டிக் கிடக்கின்றன.
நேற்று மாலை இறக்கத் தொடங்கியது,
நிறுவனத்தின் சோம்பேறிக் கம்பி வழியே
இன்று மதியம்தான் வந்து சேர்ந்தது.
பைக்கால் முழுவதையும் இழுத்துவந்து
கூடத்தில் கொட்டிவிட்டு
ஒரு மீனைக் கேட்கிற கதை.

திரை சொல்கிறது: அப்படி ஒன்று இல்லை.

எண் சரிதான். ஆய்வுக் கட்டுரையில் இருக்கிற அதே எண்.
இலக்கம் இலக்கமாக உரக்கச் சொல்லி அடிக்கிறாள்.
இல்லை.
"திட்டிப் பாரேன்," என்கிறான் இன்னகேந்தி,
"தூண்டிலுக்கு அது வேலை செய்யும்."
ரஷ்ய மொழியில் ஒன்று,
புரியாத் மொழியில் நீளமாக இன்னொன்று.
இல்லை.

கோப்பையே திறந்து துழாவியபோதுதான் கண்டாள்:
எண்ணை ஒட்டி ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின்னால் பதினேழு.
பதினேழாம் பதிப்பு.
புள்ளி வைத்தால்தான் மெய் என்று
படித்து வளர்ந்தவர்கள் நாம்;
நமக்கு இது உடனே பிடிபட்டிருக்கும்.

புள்ளியோடு அடித்தாள்.
விசையிலிருந்து விரல் எழுவதற்குள்
வந்துவிட்டது.

வந்தது புரதம் இல்லை.
பார்க்க வெறும் எண்கள், நிரை நிரையாக.
முந்நூறு உயிர்களிடமிருந்து அந்தப் புரதத்தை வாங்கி
அடிக்குக் கீழ் அடியாக எழுதி நிறுத்தினால்
சில இடங்களில் எதுகை தப்புவதே இல்லை.
சில இடங்களில் யாரும் அலட்டிக்கொள்வதில்லை.
எங்கே தோன்றல், எங்கே திரிதல், எங்கே கெடுதல்,
ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு
என்று கணக்கெழுதி வைத்த புணர்ச்சி விதி.
சின்ன எண் என்றால் அநேகமாக நடக்கும்.
பெரிய எண் என்றால் அபூர்வம்.
நட்சத்திரக் குறி என்றால் நடக்கவே நடக்காது.

அதன்மேல் உரசிப் பார்க்கவேண்டியது
பனிக்கட்டிக்குக் கீழே பதினான்கு மீட்டரில்
இன்னகேந்தி கத்தியால் அறுத்தெடுத்த ஏரிப்பஞ்சை.
பச்சையாய் இருக்கவேண்டியது
ஊதாவாகி, விரல் பட்டால் கூழாகிறது.
தன் கண்ணாடி எலும்பைக் கட்டும் புரதத்தை
நோயில் அது இழந்திருக்கும்
என்பது செசெக்மாவின் எட்டு மாத நம்பிக்கை.
மானிய விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

விடை நான்கே வரி.
புரதம் இருக்கிறது. முழுதாக.
மாறாத எழுத்துகள் மாறாமல்.
மதிப்பெண்கூட ஆரோக்கியமான பஞ்சைவிட
அரைப்புள்ளி அதிகம்.

"நல்ல சேதிதானே?"
"பஞ்சுக்கு."
பால் ஊற்றிய தேநீரில் ஆடை படிந்திருந்தது.
ஊதிக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

பிறகு, வேலை எதுவும் இல்லாததால்,
மாதிரியின் அடிவரைக்கும் உருட்டிக்கொண்டே போனாள்.
கடைசி நிரை.
அங்கிருந்து கெடுதலுக்குப் பிரியும் வழியில்
எண் இல்லை, நட்சத்திரம்.
"இதுவரை வந்து சேர்ந்துவிட்டால்
இதற்குமேல் எதுவும் உதிராது," என்று காட்டினாள்.
"யார் போட்டது?"
"யாரும் போடவில்லை. அதற்கப்புறம் இடமே இல்லை, அவ்வளவுதான்."

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.
"அப்படியென்றால் நோய் வேறெங்கோ இருக்கிறது.
வியாழக்கிழமை மறுபடி இறங்குகிறேன்."
காய்ந்த கையுறையை எடுத்தான்.
வலக்கைக்கானது.
இடக்கையில் திணித்துக்கொண்டு
கதவைத் தோளால் தள்ளிப் போனான்.

திரையில்
கோப்பின் முடிவைச் சொல்லும்
இரண்டு சாய்கோடுகள்.
அவற்றுக்குக் கீழே
அடுத்த எண்ணுக்காகச்
சிமிட்டிக்கொண்டிருக்கிறது ஒரு கட்டம்.